இதயத்திலும் கழுத்திலும் அடைப்பு: எதை முதலில் திறப்பது?

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் காக்கி உறை ஒன்றோடு வந்தாள். நாங்கள் இருப்பது மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில். நான் இருபத்தாறு வருடம் இதய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தாலும் அது என் வீட்டு மேசைக்கும் ஒருமுறை வந்துவிட்டுப் போகும்.

அவளுடைய அப்பாவுக்கு 69 வயது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், இருபது வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு. கொஞ்சம் மேடு ஏறினாலே நெஞ்சைப் பிடிக்கிறது என்று போனார். ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு முன் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன். அதில் இடப்பக்கம் 70 முதல் 80 சதவீதம் அடைப்பு, வலப்பக்கம் 40.

"அக்கா, நெஞ்சை முதல்ல பண்ணினா பக்கவாதம் வரலாமாம். கழுத்தை முதல்ல பண்ணினா மாரடைப்பு வரலாமாம். சென்னையில ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணுவாங்கன்னு சித்தப்பா சொல்றார். நாங்க என்னதான் பண்றது?"

ஐம்பது வருடமாக மருத்துவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று அவளிடம் இரண்டு மணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தத் தீவில் இதே உறையோடு இன்னும் பல வீடுகளில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. அவருக்கு இரண்டு நோய் கிடையாது. நோய் ஒன்றுதான், அது இரண்டு இடத்தில் தெரிகிறது. ரத்தக் குழாயின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து தடித்துப்போவதுதான் நோய். இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்களில் அது படிந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ஏறிப்போகும் கரோட்டிட் தமனியில் படிந்தால் பக்கவாதம். தொண்டைக் குமிழுக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அதுதான் அந்தத் தமனி. தாடைக்குக் கொஞ்சம் கீழே அது இரண்டாகக் கிளை பிரிகிறது. ஒன்று மூளைக்கு, மற்றது முகத்துக்கு. பிரியும் இடத்தில் ரத்த ஓட்டம் சீராக இல்லாமல் சுழன்று தேங்கிப் போவதால் படிவும் அங்கேதான் சேருகிறது.

கழுத்து அடைப்பு என்றதும், குழாய் மெல்ல மெல்லச் சுருங்கி ஒரு நாள் மூளைக்கு ரத்தம் நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூளைக்குக் கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு குழாய்கள் போகின்றன. மண்டையின் அடியில் அவை வளையமாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. ஒன்று அடைத்தால் மற்றவை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆபத்து வேறு மாதிரி வருகிறது. படிவின் மேல்தோல் வெடித்து, அதில் உறைந்த ரத்தத் துணுக்கு பிய்ந்து மேலே போய் மூளையின் சிறு குழாய் ஒன்றை அடைத்துக்கொள்கிறது. அந்தத் துணுக்கு சின்னதாக இருந்து தானே கரைந்துவிட்டால் சில நிமிடத்துக்கு மட்டும் ஒரு கை தொங்கும், வாய் கோணும், பேச்சு குழறும். சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போல இருட்டும். அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். இதைத்தான் சிறு பக்கவாதம் என்கிறோம். சரியாகிவிட்டதே என்று வீட்டில் படுத்துவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

எந்த மருத்துவரும் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: இந்தத் தமனி இதுவரை ஏதாவது சொல்லியிருக்கிறதா? கடந்த ஆறு மாதத்தில் எதிர்ப்பக்கக் கையோ காலோ முகமோ மரத்ததா, அதே பக்கத்துக் கண் இருண்டதா? ஆம் என்றால் ஒரு வழி, இல்லை என்றால் முற்றிலும் வேறு வழி. இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

1991இல் வட அமெரிக்காவில் நாஸ்கெட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. சிறு பக்கவாதமோ லேசான பக்கவாதமோ வந்து, அந்தப் பக்கத் தமனியில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தவர்கள் 659 பேர். மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் இரண்டு வருடத்துக்குள் 26 சதவீதம் பேருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்தவர்களில் 9 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்த பிறகு யாரும் தயங்கவில்லை.

அறிகுறியே இல்லாமல், ஸ்கேனில் மட்டும் தெரிந்த அடைப்புக்கு 1995இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. அதில் ஐந்து வருடத்துக்கு மருந்தில் இருந்தவர்களுக்கு 11 சதவீதம், அறுவை செய்தவர்களுக்கு 5 சதவீதம். பார்க்கப் பாதியாகக் குறைந்தது போலத் தெரிந்தாலும், வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் பலன். அதுவும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்று போலப் பரவலாக இல்லாத காலம். இன்றைய மருந்துகளில் அந்த ஆபத்து இன்னும் குறைந்திருக்கிறது. ஸ்கேன் தாளில் எண் ஒன்றுதான், 75 சதவீதம். ஆனால் பேசிய தமனியின் 75 வேறு, மௌனமாக இருக்கும் தமனியின் 75 வேறு.

இனி இரண்டும் சேர்ந்து வரும் சிக்கலுக்கு வருகிறேன். கழுத்துத் தமனியைச் சுத்தம் செய்யும் அறுவையை 1953இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி செய்தார். 1967இல் கிளீவ்லாண்டில் அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபாவலோரோ காலில் இருந்து எடுத்த ரத்தக் குழாயை வைத்து இதய பைபாஸ் செய்யத் தொடங்கினார். அடுத்த ஐந்தே வருடத்தில், 1972இல், இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்தது பற்றிய அறிக்கை வந்துவிட்டது. பைபாஸுக்கு வருபவர்களில் சிலருக்குக் கழுத்திலும் அடைப்பு இருப்பதும், அவர்களில் சிலர் அறுவைக்குப் பின் பக்கவாதத்தோடு கண் விழிப்பதும் மருத்துவர்களை அந்த அளவுக்கு உலுக்கியிருந்தது. கழுத்துக் குழாய் அடைத்திருந்தது, மூளையில் ரத்தம் நின்றது அதனால்தான் என்று கணக்குப் போட்டார்கள். பைபாஸின்போது இதயத்தை நிறுத்திவிட்டு எந்திரம் ரத்தத்தை ஓட்டும்போது அழுத்தம் இறங்கும், குறுகிய குழாய்க்கு அப்பால் மூளை பட்டினி கிடக்கும். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து அறுவை மருத்துவர் நெய்லரும் அவர் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி 2002இல் வெளியிட்டார்கள். பைபாஸ் செய்பவர்களில் சுமார் நூற்றில் இருவருக்குப் பக்கவாதம் வருகிறது. கழுத்தில் சொல்லும்படியான அடைப்பு இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே இரண்டுதான். அறிகுறி இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூன்று. இரு பக்கமும் இருந்தால் ஐந்து. ஒரு பக்கம் முழுதாக அடைத்தே போயிருந்தால் 7 முதல் 11. அதைவிட முக்கியமானது இது: பைபாஸில் பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்தில் பெரிய அடைப்பே இல்லை. மூளை ஸ்கேனில் தெரிந்த சேதத்தில் சுமார் அறுபது சதவீதத்தைக் கழுத்தின் மேல் மட்டும் பழிபோட முடியவில்லை.

அப்படியென்றால் பக்கவாதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு பெருந்தமனியில் இருந்து. இதயத்தில் இருந்து வளைந்து மேலே எழும் அந்தப் பெரிய குழாயில்தான் எந்திரத்தின் குழலைச் செருகுகிறார்கள், அதைத்தான் கவ்வி போட்டுப் பிடிக்கிறார்கள், அதில்தான் புதிய குழாய்களின் மேல்முனையைத் தைக்கிறார்கள். அதன் உட்சுவரில் படிவு இருந்தால் ஒவ்வொரு தொடுதலுக்கும் துணுக்குகள் உதிரும். வயதானவர்களில் இந்தப் படிவு அதிகம். கழுத்தில் படிவு உள்ளவருக்குப் பெருந்தமனியிலும் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கழுத்து அடைப்பு பல நேரம் குற்றவாளியாக இல்லாமல், குற்றவாளி வீட்டுக்கு வழிகாட்டும் பலகையாக இருக்கிறது. கழுத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பெருந்தமனியை வழக்கம் போலக் கவ்வினால் ஆபத்தில் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. அறுவை நன்றாக முடிந்து, கண் விழித்துப் பேசி, இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென்று வரும் பக்கவாதம். இதற்குப் பல சமயம் காரணம் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவது. பைபாஸுக்குப் பின் கால்வாசிப் பேருக்காவது அப்படி ஓடும். துடிப்பு ஒழுங்கில்லாதபோது இதய அறையில் ரத்தம் உறைந்து அங்கிருந்து கிளம்புகிறது. வார்டில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். கழுத்தில் கத்தி வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, கழுத்தையும் திறந்தே ஆக வேண்டிய நிலை என்றால் எந்த வரிசையில்? கழுத்தை முதலில் செய்து சில வாரம் கழித்து இதயம் என்றால், இடையில் மாரடைப்பு வரலாம். 2003இல் திரட்டிய கணக்குப்படி இந்த வழியில் மாரடைப்பு 6 சதவீதத்துக்கு மேல். இதயம் முதலில், கழுத்து பிறகு என்றால் மாரடைப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது, பக்கவாதம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. ஒரே நேரத்தில் செய்தால் இடைவெளி ஆபத்து இல்லை, ஆனால் மூன்று வழிகளில் உயிரிழப்பு இதில்தான் அதிகமாக இருந்தது, 4 சதவீதத்துக்கு மேல். ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்புகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் சித்தப்பா சொன்ன "ரெண்டும் ஒண்ணா" வழி கேட்பதற்கு வசதியானது, உடம்புக்கு அவ்வளவு வசதியானதாக இல்லை.

இதைத் தீர்த்துவிடலாம் என்று ஜெர்மனியில் காபாக்ஸ் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். அறிகுறியில்லாத பெரிய கழுத்து அடைப்பு உள்ளவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இரண்டும் சேர்த்து, இன்னொரு பகுதிக்கு பைபாஸ் மட்டும். ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும் என்று திட்டமிட்டு, 129 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, சேர்த்துச் செய்தவர்களில் 18.5 சதவீதம், பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7. ஆட்கள் குறைவு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ரோம் நகரில் 185 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2011இல் நேர் எதிராகச் சொல்லியிருக்கிறது: கழுத்தை முன்னாலோ கூடவோ செய்தவர்களுக்கு 90 நாளில் பக்கவாதமும் மரணமும் ஒரு சதவீதம், பின்னால் தள்ளிப்போட்டவர்களுக்கு 8.8. அவர்கள் எல்லாரும் ஒரே ஊரில் தேர்ந்த கைகளில் இருந்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, எந்த ஆஸ்பத்திரி இந்த இரட்டை அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறது, அவர்கள் கைக்கணக்கு என்ன என்பதைக் கேட்காமல் ஆய்வு எண்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான்.

இன்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே போக்கில்தான். கடந்த ஆறு மாதத்தில் அறிகுறி காட்டிய, 50 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்பு என்றால் பைபாஸோடு கழுத்தையும் சரிசெய்வதை யோசிக்கலாம். அறிகுறி இல்லாத ஒரு பக்க அடைப்பு என்றால் வழக்கமாகச் செய்ய வேண்டாம். இரு பக்கமும் கடுமையாக இருந்தால், அல்லது ஒரு பக்கம் மூடிப்போய் மறுபக்கம் கடுமையாக இருந்தால், இதய மருத்துவர், அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர் எல்லாரும் உட்கார்ந்து ஆளுக்குத் தக்கபடி முடிவெடுக்கலாம்.

ஸ்டென்ட் பற்றியும் கேட்பார்கள். கழுத்தை வெட்டாமல் தொடை வழியாகக் கம்பி விட்டு வலைக்குழாய் வைக்கலாமே என்று. வைக்கலாம். 2010இல் வந்த கிரெஸ்ட் ஆய்வில், 2,502 பேரில், மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சிகிச்சை நேரத்துப் பக்கவாதம் கூட, வெட்டியவர்களுக்கு மாரடைப்பு கூட. இதயம் பலவீனமானவருக்கு ஸ்டென்ட் ஈர்ப்பாகத் தெரிவது அதனால்தான். சிக்கல், அதன்பின் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரெலும் சுமார் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையோடு நெஞ்சைத் திறந்தால் ரத்தம் நிற்காது, பைபாஸுக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத இதயத்துக்கு இந்த வழி சரிப்படாது. காத்திருக்கக்கூடியவர்களுக்கு நல்ல வழி.

இதயத்தில் ஸ்டென்டே போதும், பைபாஸ் வேண்டாம் என்றால் கணக்கு மிகவும் எளிதாகிவிடும். அதேபோல நெஞ்சுவலி படுத்திருக்கும்போதே வருகிறது என்றால் இதயம்தான் முதலில். நேற்றுதான் வாய் கோணியது, இதயம் அமைதியாக இருக்கிறது என்றால் கழுத்துதான் முதலில், முடிந்தால் இரண்டு வாரத்துக்குள். இவற்றில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை.

இந்தத் தீவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொரீஷியஸில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ரத்தக் கொதிப்பை இங்கே கிரியோலில் தான்சியோன் என்போம். "தான்சியோன் கொஞ்சம் ஏறியிருக்கு" என்பதை மழை பெய்கிறது என்பது போலச் சொல்லிவிட்டுப் போகிறோம். சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுவலி வலியாகத் தெரியாமல் வெறும் மூச்சிரைப்பாக வரும். ஒரு குழாயில் தொடங்காமல் பல குழாய்களில் ஒன்றாகப் படியும். இரண்டு இடத்து அடைப்பு இங்கே அடிக்கடி கண்ணில் படுவது அதனால்தான். ஆனால் இதே தீவுதான் 1987இல் ரேஷனில் விற்ற சமையல் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததில் இருந்து சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்தே வருடத்தில் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 5.5இல் இருந்து 4.7 மில்லிமோலாக இறங்கியது. உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட மாற்றம் அது. எனக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். எந்த அறுவை அரங்கும் அத்தனை தமனிகளை ஒரே நேரத்தில் தொட முடியாது.

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் மாத்திரைகள்தான் இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் காக்கின்றன. ஆஸ்பிரின், ஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது. கெட்ட கொழுப்பு 1.4 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது இந்திய ஆய்வகக் கணக்கில் 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கு. நான் வார்டில் இருந்தபோது காவடி விரதம் தொடங்கும் பத்து நாளும் எனக்குக் கவலைதான். விரதத்தோடு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை அசைவம் கிடையாது. முருகனுக்கு முன்னால் நிற்கும் உடம்பில் அது இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. சர்க்கரை மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மட்டும் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பைபாஸுக்குப் போகும் எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் வேண்டுமா என்றால், வேண்டாம். திரட்டிய கணக்கில் நூறு பேரைப் பார்த்தால் 91 பேருக்குக் கழுத்தில் பெரிதாக எதுவும் இல்லை. பக்கவாதமோ சிறு பக்கவாதமோ சமீபத்தில் வந்தவருக்குக் கட்டாயம். எழுபது வயதைத் தாண்டியவர், இதயத்தில் பல குழாய் அடைத்தவர், கால் குழாயிலும் அடைப்பு உள்ளவர், ஸ்டெதஸ்கோப்பில் கழுத்தில் இரைச்சல் கேட்பவர், இவர்களுக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. இரைச்சல் இல்லை என்பதால் அடைப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மிகவும் குறுகிய குழாயில் சத்தமே வராமலும் போகலாம்.

அன்று இரவு அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு தாளில் கேள்விகளை எழுதினோம். அப்பாவுக்கு அறிகுறி ஏதாவது வந்ததா என்று யாராவது தெளிவாகக் கேட்டார்களா? பெருந்தமனியில் படிவு இருக்கிறதா, அதை அறுவைக்கு முன்போ மேசையிலோ பார்ப்பீர்களா? அதைத் தொடாமலே நெஞ்சுக்கூட்டுத் தமனிகளை வைத்து பைபாஸ் செய்ய முடியுமா? எந்திரத்தில் இருக்கும்போது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பீர்களா? அறுவைக்குப் பின் துடிப்பு தாறுமாறானால் என்ன திட்டம்?

திங்கட்கிழமை போய்க் கேட்டாள். அவள் அப்பாவுக்கு அறிகுறி எதுவும் வந்ததில்லை. வலப்பக்கக் குழாயில் அடைப்பு 40 சதவீதம்தான். கழுத்தைத் தொட வேண்டாம், பைபாஸ் மட்டும் போதும் என்று மூன்று மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பெருந்தமனியின் முன்சுவரில் சுண்ணாம்புத் திட்டு இருந்ததால், எந்திரம் இல்லாமல், நெஞ்சின் உட்புறத் தமனிகள் இரண்டையும் வைத்தே இணைத்தார்கள். மூன்றாம் நாள் துடிப்பு தடம் மாறியது, இரண்டு நாளில் மருந்தில் அடங்கியது. பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

கழுத்து அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எடுத்த டாப்ளரில் அது கூடவில்லை. அடுத்தது மே மாதம். அவள் சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே, வாய் கோணினாலோ கை தொங்கினாலோ பேச்சு குழறினாலோ, ஐந்து நிமிடத்தில் சரியானாலும், காத்திருக்காமல் அவசர ஆம்புலன்ஸ் சேவையான சாமுவுக்கு 114 என்று தமிழிலும் கிரியோலிலும் எழுதி ஒட்டியிருக்கிறாள்.